முப்பது வருடத்துக்கு மேல் காடாகிக் கிடந்த காணியைப் பெக்கோ விட்டு வெளியாக்கலாமா?

குச்சவெளிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நிறைய நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குச்சவெளிப் பக்கம், கடற்கரை றோட்டிலிருந்து மேற்கே உள்ளுக்குள் எங்களுக்கு மூன்று ஏக்கர் பேர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, இருக்கிறது. அப்பாவின் பெயரில் கிடைத்த காணி. 1990 இல் ஊரை விட்டு ஓடியபோது அதில் ஒரு மண்வீடு, ஒரு கிணறு, ஒன்றரை ஏக்கரளவில் சோளமும் கச்சானும், மிச்சமெல்லாம் மரம். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா அந்தக் காணியைத் திரும்பப் பார்க்காமலே காலமாகிவிட்டார். பத்திரத்தைச் சரிப்படுத்த அம்மா அலைந்த அலைச்சல் வேறு கதை. போன வருடம்தான் அது முடிந்தது.

தை மாதம் அம்மாவும் நானும் மாமாவும் போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடமே தெரியவில்லை. கிணற்றடிக்குப் போக ஒரு மணித்தியாலம் கத்தியால் வெட்டி வழி எடுக்க வேண்டியிருந்தது. கிணற்றுக்கட்டின் மேல் ஆலமரம் ஒன்று வேரை இறக்கிக் கட்டையே பிளந்து வைத்திருக்கிறது. சோளம் போட்ட இடம் முழுக்கத் தொடையளவு, கையளவு மொத்தத்தில் மரங்கள், கீழே ஒரே முள்ளும் கொடியும். பின்பக்கத்தில் ஒரு பெரிய பாலைமரம் மட்டும் அம்மாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அதன் கீழே போய் நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னேரம் திரும்பி வரும்போது பற்றைக்குள்ளிருந்து இரட்டை விசிலடித்த மாதிரி ஒரு குருவி கூப்பிட்டது. மாமா சொன்னார் அது ஆறுமணிக் குருவியாம், நேரம் பார்த்துக் கூப்பிடுமாம். மணிக்கூட்டைப் பார்த்தேன், ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரம் வைத்திருக்கிற ஒருவர் வீடு தேடி வந்து, மூன்று நாளில் முழுக் காணியையும் வெறும் தரையாக்கித் தருகிறேன், ஐந்து சதம் வேண்டாம், மரத்தையும் பின்பக்க மேட்டில் இருக்கிற கிரவல் மண்ணையும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அண்ணா வெளிநாட்டிலிருந்து கோல் எடுத்து, உடனே ஓம் என்று சொல், அது வெறும் பற்றைக்காடு, சிங்கராஜாவையா அழிக்கப் போகிறோம் என்று கேட்கிறார். அம்மாவுக்கு அந்தக் காணியில் ஒரு வீடு கட்டிக் கண்மூட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை, இத்தனை வருடம் வாடகை வீட்டில் இருந்தவர்.

எனக்குத்தான் மனம் ஒருநிலைப்படவில்லை. நான் படிப்பிக்கிறவள். அமேசன் எரிகிறது, காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சித்திரம் கீறச் சொல்லுகிற ஆள். எங்களுடைய மூன்று ஏக்கர் அந்தக் கணக்கில் வருமா? அது காடா, பற்றையா? இதே நிலைமையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், எனக்குப் பிடித்த மாதிரிச் சொல்ல வேண்டாம்.


மரக்காலை அண்ணை:

தங்கச்சி, முதல் வேலையாக அந்தப் பெக்கோக்காரருக்குப் பதில் சொல்லுவதை ஒத்தி வையுங்கள். அவர் சும்மா செய்யவில்லை. நான் திருகோணமலையில் ஒரு மரக்காலையில் 26 வருடம் நின்றவன், மரம் எப்படி எங்கிருந்து வரும் என்று தெரிந்தவன். அந்தப் பாலை ஒன்றே பெக்கோக் கூலியை இரண்டு தரம் கட்டும். அதற்கு மேல் கிரவல். மேட்டைத் தோண்டி எடுத்தால் உங்களுக்கு மிஞ்சப்போவது மாரியில் தண்ணீர் நிற்கிற ஒரு பள்ளம், அதில் வீடும் வராது வெள்ளாமையும் வராது.

பற்றைக்காடு என்று அண்ணா சொல்லுகிறாரே, அந்தச் சொல்லால்தான் எங்கள் பக்கத்துக் காடு இவ்வளவு அழிந்தது என்பது என் எண்ணம். சிங்கராஜா என்றால் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அது ஈரக்காடு, உயரமாய், பச்சையாய், பார்த்தவுடன் காடு மாதிரி இருக்கும். எங்களுடையது உலர் வலயக் காடு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் போனால் தூசி படிந்து, பாதி மரம் இலை கொட்டி, கவனிப்பாரற்ற இடம் மாதிரித் தெரியும். அதற்குள்தான் பாலை, வீரை, முதிரை, கருங்காலி, சாவண்டலை எல்லாம் நிற்கிறது. சாவண்டலைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? திருகோணமலை மரம் என்றே பெயர்! வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் போய், அங்கே அலைக்குள் போகிற மசூலாப் படகு கட்டினார்கள். ஊரின் பெயரையே வைத்த மரத்தை இன்றைக்கு எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காட்டத் தெரியும்? பாலை இரும்பு மாதிரி, ரயில் பாதைக்குக் கீழே சிலிப்பர்க்கட்டையாகப் போட்ட மரம். அது எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மெதுவாகத்தான் வளரும். மரக்காலையில் பாலைக் குற்றி ஒன்று அரியும்போது வாளின் பல் சூடேறி நீலமாகும், தண்ணீர் ஊற்றி ஊற்றி அரிவோம். உள்வயிரம் கருஞ்சிவப்பு, கையால் தடவினால் மெழுகு பூசின மாதிரி இருக்கும். அப்படி ஒன்று உருவாக எத்தனை மனிதர் பிறந்து செத்திருப்பார்கள் என்று அப்போது ஒருநாளும் நினைத்ததில்லை, இப்போது நினைக்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். அம்மாவைக் கேளுங்கள், அந்தப் பாலை 1990 இல் எவ்வளவு மொத்தம் இருந்தது என்று. அவர் சொல்லுவதை இங்கே எழுதுங்கள்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். பேர்மிட் காணியில் நிற்கிற காட்டு மரத்தை நினைத்த மாதிரித் தறிக்க ஏலாது, ஏற்றிக்கொண்டு போகவும் தனியாக அனுமதி வேண்டும். கிரவல் எடுக்கப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும். ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று இருக்கிறது. மூன்று ஏக்கர் என்பது ஒரு ஹெக்டேயரைத் தாண்டும், உங்கள் காணி அதற்குள் வருமா என்று பிரதேச செயலகத்தில் எழுத்திலேயே கேளுங்கள். பிடிபட்டால் பெக்கோக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், பெயர் இருப்பது அம்மாவின் பத்திரத்தில்.


கிண்ணியா வயல்காரன்:

சகோதரி, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லுவேன், கோபிக்க வேண்டாம்.

காடு நல்லது என்று டவுனில் இருந்துகொண்டு எழுதலாம். வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் இருபது அடி கூட இல்லாத இடத்தில் படுத்து எழும்பிப் பார்த்தால்தான் அது விளங்கும். எனக்குச் சூரங்கல் பக்கம் வயல் இருக்கிறது. போன போகத்தில் அறுக்க ஒன்பது நாள் இருக்கும்போது மூன்று யானை இறங்கி ஒரு இரவில் முக்கால் ஏக்கரை மிதித்தது. தின்றதை விட மிதித்ததுதான் கூட. விடிய வாப்பா வரம்பில் இருந்து அழுதார், எழுபது வயது மனிதர். அம்மா அந்தக் காணியில் தனியாக இருக்கப் போகிறார் என்றால் வீட்டைச் சுற்றி நன்றாக வெளியாக்கத்தான் வேண்டும். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஆனால் யானை ஏன் வருகிறது என்பதையும் நான் யோசித்திருக்கிறேன். எங்கள் வாப்பாவின் காலத்தில் யானை வந்து போகிற பாதை எது என்று ஊருக்கே தெரியும், அதை மறித்து யாரும் வேலி போடவில்லை. இப்போது ஒரு பக்கம் கல் உடைக்கிற இடம், ஒரு பக்கம் கிரவல் குழி, ஒரு பக்கம் யாரோ பெரிய ஆள் அடைத்த ஐம்பது ஏக்கர். நடுவில் அகப்பட்ட யானை எங்கே போகும்? பிருதிவிராஜ் பெர்னாண்டோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் நாடு முழுக்கப் பார்த்துச் சொன்னது, இலங்கையின் நிலத்தில் 60 வீதமளவில் யானை நடமாடுகிறது, அந்த இடங்களில் 70 வீதமளவில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று. அதாவது சரணாலயத்துக்குள் அடித்து விரட்டி வேலியைப் பூட்டுகிற கதை நடக்காது. 2023 இல் மட்டும் 470 க்கு மேல் யானை செத்தது, மனிதரும் 150 க்கு மேல். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஒரே தடவையில் ஆறு யானை போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் கொழும்புக்குப் போகிற பாதையும் அந்தக் காட்டுக்குள்ளால்தான்.

எனக்கு யானையில் வெறுப்பு இல்லை. வெங்காய வெடி மாதிரி ஒன்றைப் பூசணிக்காய்க்குள் வைத்து வாயைச் சிதறடிக்கிறார்கள், ஹக்கபட்டாஸ் என்று சொல்லுவது. அப்படி வாய் கிழிந்து தின்ன ஏலாமல் குளத்தடியில் நாட்கணக்காக நின்று செத்த ஒரு குட்டியைப் பார்த்தேன். எவ்வளவு நட்டம் வந்தாலும் அதை என் கையால் செய்ய மாட்டேன். இப்போது நாங்கள் பதினாறு பேர் சேர்ந்து வயலைச் சுற்றிக் கழற்றிப் பூட்டுகிற மின்வேலி போடுகிறோம். விதைத்தால் பூட்டு, அறுத்தால் கழற்று. அறுத்த வயலில் வைக்கோலைத் தின்றுவிட்டு அது தன்பாட்டில் போகிறது.

சகோதரிக்கு என் யோசனை: வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேண்டியதை ஆள் பிடித்துக் கத்தியாலும் கோடரியாலும் வெட்டுங்கள். பெக்கோ மண்ணின் தோலையே உரித்துவிடும், பிறகு முதல் மாரியிலேயே மேல்மண் போய்விடும். மேட்டை மட்டும் தொட விடவேண்டாம்.


கொட்டியாரத்து மாணவன்:

அக்கா, நான் உயிரியல் படிக்கிறேன், உங்கள் கேள்வியை இரண்டு நாள் மண்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அது காடா பற்றையா என்று கேட்டீர்கள். அது காடு. திரும்பி வந்துகொண்டிருக்கிற காடு.

உலகத்தில் வெப்பவலயக் காடு என்றால் மழைக்காடுதான் எல்லார் கண்ணிலும் நிற்கும். ஆனால் டானியல் ஜான்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1988 இலேயே எழுதிவிட்டார், வெப்பவலயத்தின் பெரிய வாழிடங்களில் ஆகக் கூடுதலாக ஆபத்தில் இருப்பது உலர்காடுதான் என்று. காரணம் எளிது. மனிதருக்கு மழைக்காட்டை விட உலர்காட்டு நிலம்தான் வசதி. வரண்ட காலம் ஒன்று இருப்பதால் எரித்து வெளியாக்கலாம், மாடு விடலாம், மண்ணும் பரவாயில்லை. மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையில் அந்தக் காட்டில் 2 வீதம் கூட நல்ல நிலையில் மிஞ்சவில்லை. கொஸ்தாரிக்காவில் குவானகஸ்தே என்ற இடத்தில் அவரும் அங்குள்ள மக்களும் என்ன செய்தார்கள் என்றால், பெரும்பாலும் நெருப்பை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மாட்டுப் பண்ணைக்காரர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த புல் வருடா வருடம் எரிந்து மரக்கன்றைக் கொன்றுகொண்டிருந்தது. நெருப்பு நின்றதும் காற்றும் பறவையும் விதையைக் கொண்டுவந்து போட, மேய்ச்சல் நிலம் மறுபடி காடாகத் தொடங்கியது. உங்கள் காணியில் நடந்ததும் அதுதான், யாரும் திட்டம் போடாமல், நாங்கள் இல்லாத காலத்தில். அது நடந்த காரணம் எவ்வளவு கசப்பானது என்பதை நான் மறக்கவில்லை.

அதனால்தான் நீங்கள் காட்டை அழிக்கிற ஆள் என்று ஒரு கணமும் நினைக்க வேண்டாம். 2024 இல் உலகத்தில் வெப்பவலய முதற்காடு, அதாவது மனிதர் வெட்டாத பழைய காடு, 67 இலட்சம் ஹெக்டேயர் போயிருக்கிறது. இலங்கை முழுவதுமே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும், ஒரே வருடத்தில் எங்கள் நாடு அளவு காடு. அந்த வருடம் பெரிய காரணம் நெருப்பு, மற்ற வருடங்களில் மாட்டுப் பண்ணை, சோயா, செம்பனை என்று போகும். ஒரு அம்மா வீடு கட்டியதால் அது போகவில்லை.

ஆனால் சின்னத் துண்டு என்பதற்காக அதற்கு மதிப்பு இல்லை என்றும் இல்லை. பிரேசிலில் மனாவுஸ் நகரத்துக்குப் பக்கத்தில் தோமஸ் லவ்ஜோய் 1979 இல் ஒரு ஆய்வு தொடங்கினார், காட்டை ஒரு ஹெக்டேயர், பத்து, நூறு என்று துண்டாக விட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். துண்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் நுழைந்து பெரிய மரங்கள்தான் முதலில் சாய்ந்தன, சின்னத் துண்டுகளில் காட்டுக்குள்ளேயே வாழுகிற குருவிகள் சீக்கிரமே இல்லாமல் போயின. அதாவது ஒரு துண்டு எவ்வளவு பெரிது என்பதோடு, பக்கத்துத் துண்டோடு ஒட்டி இருக்கிறதா என்பதும் முக்கியம். உங்கள் காணியின் பின்பக்கம் என்ன இருக்கிறது? அங்கே காடு தொடர்கிறதென்றால் பின்பக்க ஒரு ஏக்கர் அதன் ஓரத்துக்கு ஒரு காப்பு.

அடுத்து அந்தப் பாலைமரம். வைகாசி, ஆனி மாதங்களில் பாலைப்பழம் எங்களுக்கு எப்படியோ கரடிக்கும் அப்படித்தான், மரமேறித் தின்னும். மந்தி, இருவாட்சி, மான் எல்லாம் அந்தப் பழத்தில் பசியாறும். வெயில் கொளுத்தி மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கிற காலத்தில் பழுக்கிற பழம் அது. இருவாட்சி கூடு வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய மரத்தின் பொந்துக்குள் பெண் நுழைந்து எச்சத்தாலும் மண்ணாலும் வாசலை அடைத்துவிடும், சொண்டு போகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே முட்டையிட்டு அடைகாக்கிற நாள் முழுக்க ஆண் பழத்தைக் கொண்டுவந்து அந்தக் கீறலால் ஊட்டும். பொந்து விழ மரம் கிழடாக வேண்டும். தொடையளவு மரம் ஆயிரம் நட்டாலும் ஒரு பொந்து வராது. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட இல்லாத, இலங்கையில் மட்டும் இருக்கிற சாம்பல் இருவாட்சி எங்கள் உலர்காட்டிலும் இருக்கிறது. தேசியப் பறவை என்று படிப்பிக்கிறோமே காட்டுக்கோழி, அதுவும் அப்படித்தான், இந்தத் தீவுக்கு வெளியே கிடையாது.

நீங்கள் கேட்ட ஆறுமணிக் குருவி இங்கே பிறந்ததில்லை. இந்தியாவில், இமயமலை அடிவாரம் வரைக்கும், மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வாடை தொடங்கும்போது இங்கே வருகிறது, சித்திரை அளவில் திரும்பிப் போகும். அவ்வளவு தூரம் பறந்து வந்து அது தேடுவது கீழே சருகும் மேலே நிழலும் உள்ள ஒரு பற்றையைத்தான். வெறும் தரையில் அதற்கு வேலை இல்லை.

மிருகம் எங்கேயும் பிழைக்கும் என்று அண்ணா சொன்னால் ஒருநாள் பிரட்றிக் கோட்டை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் அந்தப் புள்ளிமான்களைப் பார்த்துச் சந்தோசப்படுவோம், நானும்தான். போன மாதம் பஸ் நிலையப் பக்கம் ஒரு பெண்மான் சோற்றுப்பார்சல் சுற்றிய பொலித்தீன் லஞ்ச்ஷீற்றை நக்கி, பிறகு மென்று, பிறகு முழுதாக விழுங்கியதைப் பத்து அடி தூரத்தில் நின்று பார்த்தேன். ஓடிப்போய் இழுக்கப் பார்த்தேன், அதற்குள் உள்ளே போய்விட்டது. காடு இல்லாத மான் அப்படித்தான் பிழைக்கிறது.


பன்குளம் ஒருத்தி:

எல்லாரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மிருகத்துக்கு வைக்கிற தடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் காடு பார்க்க முழுசாகத்தான் நிற்கிறது, உள்ளே போனால் நிசப்தம். பைக் கிளச் கம்பியில் சுருக்கு வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்தோம் என்பார்கள், மானும் மரையும் சிறுத்தையும் மாட்டும். அழுங்கு என்கிற எறும்புதின்னியை வளைக்குள் புகை போட்டுப் பிடிக்கிறார்கள், செதிலுக்கு வெளியே நல்ல விலையாம். 2016 இல் உலகம் முழுக்க அழுங்கு வியாபாரத்துக்குத் தடை முடிவு எடுத்தும் நிற்கவில்லை. கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற ஒருவர் 1992 இல் இதற்கு வெற்றுக்காடு என்று பெயர் வைத்தார், மரம் நிற்கும், உயிர் இருக்காது, விதையைக் கொண்டுபோய்ப் போட யாரும் இல்லாததால் நாளைக்கு மரமும் இருக்காது. அக்கா, காணியைச் சுற்றி நடக்கும்போது முழங்கால் உயரத்தில் கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். கண்டால் கழற்றி எறியுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

இன்னொன்று. வெளியாக்கிவிட்டு உடனே பயிர் வைக்காமல் விட்டால் நாயுண்ணியும் கினியாப் புல்லும் வந்து மூடும். எங்கள் மாமியின் இரண்டு ஏக்கர் அப்படித்தான் போனது. ஆடியில் யாரோ பீடித்துண்டு போட்டது, ஆள் உயரப் புல் பற்றி மாட்டுக்கொட்டில் வரைக்கும் வந்தது. அடர்ந்த நிழல் இருந்த இடத்தில் அந்தப் புல் அவ்வளவு செழிக்காது. எவ்வளவில் பயிர் செய்ய உங்களால் ஏலுமோ அவ்வளவை மட்டும் வெட்டுங்கள்.


வெளிக்காட்டான்:

எனக்கு ஒரு ஆதங்கம், சொல்லிவிட்டுப் போகிறேன். நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது என் தாத்தா உழுத வயலில் எல்லைக்கல் நட்டு, இது காடு, கால் வைக்காதே என்றார்கள். அதே வருடம் இரண்டு மைலுக்கு அப்பால் நிஜமான காட்டுக்குள் இரவிரவாக டோசர் வேலை செய்த சத்தம் ஊருக்கே கேட்டது, யாரும் போய்த் தடுக்கவில்லை. இப்படி நடந்தால் எங்கள் சனத்துக்குக் காடு என்ற சொல்லே கசந்துபோகும், கசந்துபோயும் விட்டது. அந்தக் கசப்பை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வந்த பெக்கோக்காரர் மாதிரி ஆட்கள். என் தாத்தா காட்டை வெட்டி எரித்துச் சேனைப்பயிர் செய்தவர்தான், ஆனால் பாலையையும் விளாவையும் இலுப்பையையும் வெட்ட மாட்டார், அதைச் சுற்றித்தான் வெட்டுவார். வெருகல் பக்கத்து வேடர் வழி ஆட்கள் தேன் எடுக்கும்போது வதையில் ஒரு பங்கு விட்டுவிட்டு இறங்குவதைக் கண்டிருக்கிறேன். காட்டை வைத்திருக்கத் தெரிந்த சனம்தான் நாங்கள். எங்களை எதிரியாக்காமல் கேட்டிருந்தால் எல்லைக்கல்லே தேவைப்பட்டிருக்காது.


குச்சவெளிப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரு கிழமையாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

மரக்காலை அண்ணை கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. 1979 இல் கலியாணம் முடித்து அந்தக் காணிக்கு வந்தபோது அப்பாவும் அவரும் இரண்டு பக்கமும் நின்று கட்டிப்பிடித்துப் பார்த்தார்களாம், இரண்டு பேருடைய விரல் நுனியும் தொட்டும் தொடாமலும் இருந்ததாம். போன சனிக்கிழமை மறுபடி போனோம். அம்மாவும் மாமாவும் அதே மாதிரி நின்றார்கள். விரல் நுனிகளுக்கு நடுவில் என் உள்ளங்கை ஒன்று வைக்கிற இடைவெளிதான் கூட. நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு உள்ளங்கை. நான் பிறந்து, ஓடி, முகாமில் இருந்து, படித்து, வேலை எடுத்து, தலை நரைக்கத் தொடங்கின காலம் முழுக்க அது வளர்ந்தது அவ்வளவுதான். அம்மா மரத்தில் கையை வைத்துக்கொண்டு, இதை வெட்டினால் உன் கொப்பரை வெட்டின மாதிரி என்றார். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை.

பெக்கோக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இரண்டு தரம் கோல் எடுத்தார், மூன்றாம் தரம் மாமா கதைத்தார், பிறகு எடுக்கவில்லை. அண்ணாவுக்குத்தான் கொஞ்சம் கோபம். பாலைமரத்தடியில் அம்மா நிற்கிற படத்தை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று இரவு, நான் சின்னனில் ஏறி விழுந்த மரமா அது என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

முன்பக்கம் அரை ஏக்கரை ஆள் வைத்து வெட்டப் போகிறோம், அது வீட்டுக்கும் கிணற்றடிக்கும். அதற்குப் பின்னால் ஒரு ஏக்கரளவில் அப்பா கச்சான் போட்ட இடம், அதில் சின்ன மரங்களை ஐதாக்கிவிட்டு எலுமிச்சையும் மாதுளையும் வைக்க அம்மாவுக்கு விருப்பம். வயல்காரன் சொன்ன மாதிரி மேட்டைத் தொடவில்லை. தம்பி கேட்டதற்குப் பதில், பின்பக்கம் காடுதான், ஒரு சின்ன ஆறு வரைக்கும் தொடர்கிறது. ஆகவே பாலையோடு சேர்த்துப் பின்பக்க ஒன்றரை ஏக்கர் அப்படியே இருக்கும். எதற்கும் முதல் பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டோம், கொப்பி ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

பன்குளம் தங்கச்சி, கம்பி கண்டோம். மூன்று. ஒன்றில் ஏதோ ஒன்றின் குளம்பும் கொஞ்ச மயிரும் மட்டும் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. மாமா கழற்றும்போது எனக்குக் கை நடுங்கியது.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. கிணற்றுக்கட்டில் நிற்கிற ஆலமரத்தை என்ன செய்வது? கிணற்றைத் திருத்த வேண்டும், அதை வெட்டவும் மனம் வரவில்லை.


மரக்காலை அண்ணை:

வாசித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது தங்கச்சி.

ஆலமரத்தைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்துக்கொண்டு கிணறு திருத்த ஏலாது, வேர் தண்ணீர் தேடி இன்னும் உள்ளே போகும். ஆனால் ஆல் பாலை மாதிரி இல்லை, கிளை நட்டாலே பிடிக்கும். ஐப்பசியில் மழை இறங்கினதும் கை மொத்தத்தில் நேரான கிளை நாலைந்து, ஆள் உயரத்துக்கு வெட்டுங்கள். இலையைக் கழித்துவிட்டு, மேல் நுனியில் சாணியை அப்பி, இரண்டு அடி ஆழத்தில் பின்பக்க எல்லையில் நடுங்கள், வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நல்ல தூரம் தள்ளி. மாடு கடிக்காமல் முள் கட்டுங்கள். அவை துளிர்த்ததைப் பார்த்த பிறகு கிணற்றடி மரத்தைத் தறியுங்கள், அதற்கு முன் வேண்டாம். தறிக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள், நான் வருகிறேன். கிணற்றுக்கட்டை இடிக்காமல் வேரை எடுக்கிற விதம் ஒன்று இருக்கிறது, அதை எழுதி விளங்கப்படுத்த ஏலாது.